குறிப்பு: ஒழுங்கு

என் அக்காவின் தொண்டையில் வளர்ந்த கட்டியை வெட்டி எடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குக் காரணம் யார் என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். விசாரித்தார். யாருமில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த யாருமில்லைகளில் ஒருவன் நான். அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும். கோபத்தோடுதான் சொல்கிறேன். நடுவில் வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை அவளுடைய முறை. நான் அதே நிலையத்தில் ஓட்டுநர். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளுக்கு வைத்த பெயர் அரைமணி அக்கா. அரை மணிக்கு ஒரு தடவை ஒலிபெருக்கியில் அவள் குரல் வரும். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று சொல்லி, கடைசியில், "நிலைய வளாகத்தில் புகைபிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். தயவுசெய்து புகைபிடிக்காதீர்கள்" என்று முடிப்பாள். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை. பத்தொன்பது வருஷம்.

அந்தக் குரல் எங்கள் அம்மாவால் வந்தது. அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காது மந்தம். எங்கள் வீட்டில் முணுமுணுத்தால் சாப்பாடு கிடைக்காது. நான் கத்துவேன். அக்கா கத்த மாட்டாள். ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து, நிறுத்தி, உதட்டைத் திறந்து சொல்லுவாள். அம்மாவுக்கு அது கேட்கும். நான் கத்துவது கேட்காது. "உன் அக்கா பேசினா தண்ணி மாதிரி இருக்கு, நீ பேசினா தகரத்த இழுக்கிற மாதிரி இருக்கு" என்று அம்மா சொல்லுவாள். வேலைக்கான தேர்வில் ஒரு தடப்பட்டியலைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் எல்லாம் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார்களாம். இவள் அம்மாவுக்குச் சொல்வதுபோல் வாசித்திருக்கிறாள். அன்றைக்கே வேலை.

அறிவிப்பு அறை என்பது நிலையத்தின் நடுவில் இருக்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. நாலு எட்டு வைத்தால் சுவர். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் கதவு. உள்ளே ஒரு மேஜை, ஒலிவாங்கி, வெந்நீர் குடுவை, பதிவேடு. கண்ணாடியின் அடியில் நீளமாக ஒரு கையகலத் திறப்பு உண்டு. பேருந்து வந்து சேர்ந்ததும் ஓட்டுநர் அந்தத் திறப்பு வழியாகத்தான் வருகைச் சீட்டை உள்ளே தள்ள வேண்டும். திறப்புக்கு வெளியே, அதற்குக் கீழே, ஒரு சிமெண்டுத் திட்டு. நிலையத்தில் வெயில் படாத ஒரே இடம் அதுதான். அதில் உட்கார்ந்தால் தலை சரியாகத் திறப்புக்கு நேரே வரும். வாயும்தான்.

இன்னொரு விஷயம். அறிவிப்பு நடக்கும் மூன்று நிமிஷத்தில் எந்தப் பேருந்தும் எஞ்சினை ஓட விடக் கூடாது. பயணிகளுக்குக் காது கேட்க வேண்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் போட்ட விதி. எஞ்சினை அணைத்த ஓட்டுநர் என்ன செய்வான்? இறங்குவான். இறங்கியவன் எங்கே போவான்? நிழலுக்கு. நிழல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆக, அவள் "வணக்கம், பயணிகளின் கவனத்திற்கு" என்று தொடங்கினால் திட்டில் தீக்குச்சி கிழியும். "புகைபிடிக்காதீர்கள்" என்று முடித்தால் கடைசி இழுப்பை இழுத்துவிட்டுக் காலில் போட்டு நசுக்குவார்கள். அவளுடைய குரல்தான் எங்களுக்குக் கடிகாரம். எங்களில் ஹாரன் என்று ஒரு ஓட்டுநர் உண்டு. வாயைத் திறந்தால் நாலு மேடைக்குக் கேட்கும். தினமும் ஒரே வேடிக்கைதான் அவனுக்கு. "அக்கா சொல்லிட்டாங்கப்பா, பத்த வைங்க" என்பான். தினமும் சிரிப்போம். ஒரே வேடிக்கைக்குப் பதினாலு வருஷம் சிரிக்கிறவர்களை என்னவென்று சொல்வது, நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

சிரித்தவர்களில் நானும் உண்டு என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். திட்டின் இடது மூலை என் இடம். ஏன் அந்த மூலை? திறப்பு வழியாக அக்காவோடு பேசலாம் அல்லவா, அதற்காக. பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மா மாத்திரை போட்டாளா, வாத்தியார் மாமா பள்ளிக்கூடம் போனாரா, எல்லாம் அந்தத் திறப்பில்தான். பாசத்தோடு பேசிக்கொண்டே ஊதியிருக்கிறேன். அவள் உள்ளிருந்து ஒரு புதினா மிட்டாயை விரலால் தள்ளிவிடுவாள். "போட்டுக்க. அந்த நாத்தத்தோட வீட்டுக்குப் போனா அவ சண்டை போடுவா" என்பாள். என் மனைவிக்கு நாற்றம் ஆகாது என்று கவலைப்பட்ட அக்காவுக்கு அந்தப் புகை ஆகுமா என்று எனக்கு ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு நாள்கூட.

அவள் சும்மா இருந்தாள் என்று நினைக்காதீர்கள். திறப்பில் ஈரத் துணியைச் சுருட்டி அடைத்துப் பார்த்தாள். சீட்டு உள்ளே போகவில்லை என்று எடுக்கச் சொன்னார்கள். பழைய டயர் ட்யூபை அளவாக வெட்டி மடல்போல ஒட்டினாள். நல்ல வேலைப்பாடு, தள்ளினால் திறக்கும், விட்டால் மூடும். நிலையத்தின் அழகைக் கெடுக்கிறது என்று கண்காணிப்பாளர் பிய்த்து எறிந்தார். எங்கள் நிலையத்தின் அழகு! கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதைக் கெடுக்க ஒரு ட்யூப் வேண்டுமாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் அவள் இன்னொன்றும் செய்தாள். அறிவிப்புப் பதிவேடு என்று சொன்னேனே, அதில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு வரி. நேரம், அறிவிப்பு செய்யப்பட்டது, கையெழுத்து, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எல்லாரும் 'ஒழுங்கு' என்று எழுதுவார்கள். முன்னால் இருந்தவர் எழுதினார், அதற்கு முன்னால் இருந்தவரும் எழுதினார். ஒருநாள் அக்கா 'மூவர் புகைபிடித்தனர்' என்று எழுதிவிட்டாள்.

எழுதியதும் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். மூன்று பேர் யார்? பேட்ஜ் எண் என்ன? நீ ஏன் வெளியே போய்த் தடுக்கவில்லை? வெளியே போயிருந்தால் ஒலிவாங்கியை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எழுத்தில் விளக்கம் கொடு. மூன்று பக்கம் எழுதினாள். குறிப்பு தீராத, அதாவது எழுதிய குறைக்கு மேலதிகாரி முடிவு எழுதாத, பதிவேட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கக் கூடாது, பதிவேட்டை ஒப்படைக்காமல் வேலையை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவள் ஐந்து மணி வரை அந்தப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கண்காணிப்பாளரே 'நேரில் அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதி முடித்தார். யாருக்கு அறிவுறுத்தினார்? அவளுக்கு.

அடுத்த வாரம் முழுக்க ஓட்டுநர்கள் சீட்டை உள்ளே தள்ளாமல் திட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். காற்றில் பறந்தது. "தள்ளினேனே அக்கா, விழுந்துடுச்சு போல" என்றார்கள். அவள் கூண்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்து மேடைமேடையாகச் சீட்டுப் பொறுக்கினாள். அப்போது அவளிடம் நான் சொன்ன யோசனை இது: "ஒழுங்குன்னு எழுதிட்டுப் போக்கா. உனக்கு எதுக்கு வம்பு? எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க."

அவள் "சரி" என்றாள். அன்றிலிருந்து ஒழுங்கு என்றே எழுதினாள். எங்கள் மாமா, அதாவது அவள் கணவர், கணக்கு வாத்தியார். பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். பத்தொன்பது வருஷத்தில் தொண்ணூறாயிரம் தடவைக்கு மேல் அவள் கையால் ஒழுங்கு என்று எழுதியிருக்கிறாள்.

குரல் கரகரக்கத் தொடங்கியபோது சளி என்றோம். ஆறு மாதம் சளி. பிறகு அலர்ஜி என்றோம். ஒலிபெருக்கியில் சில சொற்கள் பாதியில் காணாமல் போயின. "அக்கா, பேட்டரி வீக்கா இருக்கு" என்றான் ஹாரன். அதற்கும் சிரித்தோம். ஒருநாள் வீட்டில் அவள் "அம்மா, மாத்திரை" என்று இரண்டு தடவை சொன்னாள், அம்மா திரும்பவில்லை. மூன்றாம் தடவை சொன்னாள். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாமா பயந்து டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?"

"நான் பிடிக்கிறதில்ல."

"வீட்டுக்காரர்?"

மாமா தலையாட்டி மறுத்தார். சாக்பீஸ் தூளைத் தவிர வேறு எதுவும் அவர் மூக்கில் ஏறியதில்லை. டாக்டர் நம்பாமல் மறுபடியும் படத்தைப் பார்த்தார். அக்கா வேலையைப் பற்றிச் சொன்னாள், கூண்டு, திறப்பு, திட்டு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷம் அந்தப் புகைக்குள்ள உட்கார்ந்திருந்தா வர வாய்ப்பு இருக்கு. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா எழுதித் தரேன்" என்றார். எழுதியும் தந்தார். நான் அப்போது அந்த அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் பாக்கெட் இருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு நாலு நாள் முன்னால் கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், நல்ல மனுஷர் என்று நினைத்தோம். "ஆபரேஷனுக்கு முன்னாடி அறிவிப்ப ஒரு தடவை நல்லா பேசிக் குடுத்துடுங்கம்மா, பதிவு பண்ணிக்கிறோம்" என்றார். அவள் வெந்நீரில் கொப்பளித்து, மிட்டாயைச் சப்பி, தடம், மேடை, தாமதம், ரத்து என்று ஒவ்வொன்றாக, கடைசியில் தண்டனைக்குரிய குற்றம் என்பது வரைக்கும் பேசிக் கொடுத்தாள். 

குரல்நாணில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது பேசினால் காற்று வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால் எனக்குப் புரியும். அம்மாவுக்குக் கண்ணும் மங்கல். என்ன சொல்ல வேண்டுமானாலும் அக்கா அம்மாவின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுகிறாள். அம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொல்லிப் படிக்கிறாள்.

சிகிச்சை முடிந்து அவள் கூண்டுக்குத் திரும்பினாள். பதிவு செய்த குரல் இருக்கிறது, பொத்தானை அழுத்த வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். எல்லாம் செய்தாள். மூன்று மாதம் செய்தபின் ஒரு கடிதம் வந்தது. அறிவிப்பாளர் பணிக்குக் குரல் அவசியம், குரல் இல்லாததால் தகுதியில்லை, ஏன் விடுவிக்கக் கூடாது? அவள் பதில் எழுதினாள். இந்த நோய் இந்த வேலையால் வந்தது, அப்படி வந்தவருக்கு மாற்றுப் பணி தர வேண்டும் என்று விதி இருக்கிறது, தாருங்கள். அதற்குத்தான் விசாரணை.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் கண்காணிப்பாளர் ஒரு தாளோடு திட்டுக்கு வந்தார். 'நிலைய வளாகத்தில் நாங்கள் புகைபிடிப்பதில்லை, பிடித்ததும் இல்லை.' கீழே கையெழுத்து. வலது கையில் பேனா, இடது கையில் சிகரெட், அப்படித்தான் ஹாரன் போட்டான். நாற்பத்து மூன்று பேர் போட்டார்கள். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். படித்தேன். எதற்கு என்றும் புரிந்தது. போடாவிட்டால் பிடித்தேன் என்று அர்த்தம், பிடித்தேன் என்றால் பணியிடை நீக்கம். போட்டேன்.

ஹாரனிடம் மட்டும் அன்று கேட்டேன். "டேய், அவ என் அக்காடா. மனசாட்சி உறுத்தலையா?"

"எனக்கு எதுக்கு உறுத்தணும்? என் காசு, என் நெஞ்சு. நான் என்ன அவங்க வாயிலயா வெச்சேன்?"

நெஞ்சு உன்னுடையது, சரி. நீ வெளியே விட்ட புகை யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது அவனுக்கு மட்டுமான கேள்வி இல்லையே.

விசாரணை கண்காணிப்பாளர் அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மெதுவாகப் பேசுகிறவர், மரியாதையானவர். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேஜையில் பத்தொன்பது வருஷப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்தார். அக்கா எதிரே ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தார் ஒருவர் உடன் இருக்கலாம் என்றதால் நான் பின்னால் நின்றேன்.

"அம்மா, வளாகத்துல தடை இருக்கு இல்லையா?" என்றார் அதிகாரி.

அவள் தலையசைத்தாள்.

"பலகை இருக்கு. உங்க கூண்டு மேலயே இருக்கு. தினமும் பதினாறு தடவை அறிவிப்பும் இருக்கு. நீங்களே பண்ணியிருக்கீங்க." ஒரு பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதானே? குறிப்பு, ஒழுங்கு. இந்தப் பக்கம் முழுக்க ஒழுங்கு. அடுத்த பக்கமும். ஊழியர்கள் பிடிச்சதில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. தடையும் இருக்கு, மீறலும் இல்ல. அப்ப புகை எங்கேருந்து வந்துதும்மா?"

எப்படி இருக்கிறது கேள்வி? தடை இருப்பதால் புகை இல்லை. புகை இல்லாததால் நோய் இல்லை. நோய் இல்லாததால், அவள் தொண்டையில் இருக்கும் தையல் தானாக வந்தது. தடையே இல்லாமல் இருந்திருந்தால் புகையாவது இருந்தது என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். தடையைப் போட்டு, பலகையில் எழுதி, அவளையே தினமும் படிக்க வைத்து, கடைசியில் அந்தத் தடையையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள்.

அக்கா நோட்டில் எழுதிக் காட்டினாள். 'தினமும் பிடித்தார்கள்.'

"யாரு? ஒரு பேர் சொல்லுங்க. ஒரே ஒரு பேர் போதும்."

அவள் பேனாவைத் தாள்மேல் வைத்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன். பேனா நகரவில்லை. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதிகாரிக்குப் புரிந்துவிடும் என்று பார்க்கவில்லை. பேனாவை மூடினாள். வேலை போகப்போகிறது, மூடினாள்.

"நான்" என்றேன். "நான் பிடிச்சேன். பதினாலு வருஷம். அந்தத் திறப்புக்கு நேரா உட்கார்ந்து பிடிச்சேன்."

கண்காணிப்பாளர் நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளைத் தேடினார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"ஓ" என்றார். எழுதிக்கொண்டார். "நன்றி" என்று வேறு சொன்னார்.

பத்து நாள் கழித்து ஆணை வந்தது. காலையிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நான் பேருந்தின் காலை நடையை முடித்துவிட்டுப் பதினொன்றே முக்காலுக்கு நிலையத்துக்கு வந்து படித்தேன். மனுதாரரின் உடன்பிறந்தவர் புகைப்பழக்கம் உடையவர் என்று தாமே ஒப்புக்கொண்டுள்ளார். எனவே பாதிப்புக்குக் குடும்பச் சூழல் காரணமாக இருக்கலாம். நிலைய வளாகத்தில் தடை முழுமையாக நடைமுறையில் உள்ளது. மனுதாரர் இன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கீழே எனக்கும் ஒரு வரி வைத்திருந்தார்கள். கையெழுத்திட்ட உறுதிமொழிக்கு முரணாகப் பேசியதற்காக எச்சரிக்கை.

அதாவது, நான் சிகரெட் பிடிப்பவன்தான், ஆனால் நிலையத்தில் பிடிக்காதவன். வீட்டில் பிடித்து அக்காவைக் கெடுத்தவன். என் வீடு ஓர் இடம், அவள் வீடு ஓர் இடம், நடுவில் இரண்டு பேருந்து மாற வேண்டும். அது யாருக்கு வேண்டும்? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை பேசினேன். அதையும் எடுத்து அவள் கழுத்தில் கட்டிவிட்டார்கள். பலகையைப் பிடுங்கி உடைத்துவிடலாம் என்று இருந்தது.  கண்ணில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"விடு மச்சான், உட்காரு" என்று யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்தான். ஹாரன்தான். கையில் ஒன்றைக் கொடுத்தான், பற்றவும் வைத்தான். ஒலிபெருக்கியில், "வணக்கம், பயணிகளின் கவனத்திற்கு" என்றது அக்காவின் குரல், பழைய குரல். நான் இழுத்தேன். ஊரையே கொளுத்திவிடுகிற ஆத்திரத்தோடு இழுத்தேன். அந்த அதிகாரியையும் கண்காணிப்பாளரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஊதினேன். "தயவுசெய்து புகைபிடிக்காதீர்கள்" என்று அறிவிப்பு முடிந்தது.

அப்போதுதான் நான் உட்கார்ந்திருப்பது இடது மூலை என்று தெரிந்தது.

திரும்பினேன். திறப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம். கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. களைப்பாக இருந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்ததைப் பார்த்தாள். வழக்கமாக மிட்டாய் தள்ளும் விரல் கொஞ்சம் அசைந்தது. பிறகு பதிவேட்டை இழுத்து, பேனாவைத் திறந்து, எழுதத் தொடங்கினாள்.

எழுந்து கண்ணாடி வழியாகப் படித்தேன். பன்னிரண்டு மணி. அறிவிப்பு செய்யப்பட்டது. கையெழுத்து. குறிப்புக் கட்டத்தில்: 'இருவர். ஒருவர் என் தம்பி.'

பன்னிரண்டரைக்கு 'ஐவர், ஓட்டுநர் மூவர், பயணி இருவர்' என்று எழுதினாள். பேட்ஜ் எண்ணும் எழுதினாள். ஒரு மணிக்கு நால்வர். ஒன்றரைக்கு ஹாரன் உட்பட ஆறு பேர். ஹாரன் அதுவரை கவனிக்கவில்லை. கவனித்ததும் சிகரெட்டைப் போட்டுவிட்டுத் தன் பேருந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். ஹாரன் சத்தமே இல்லை.

இரண்டு மணிக்கு அடுத்த முறைக்கான பெண் வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். பதிவேட்டைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அக்கா, குறிப்பு தீரல. நான் எப்படி வாங்குறது?" என்றாள். கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது? போற நாள்ல எதுக்கு இந்த வேலை? அடிச்சிட்டு ஒழுங்குன்னு எழுதுங்க. நல்லபடியா வழியனுப்புறோம்."

அக்கா நோட்டில் எழுதி அவரிடம் நீட்டினாள். 'குறிப்பு தீராமல் பதிவேட்டை ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைக்காமல் இறங்கக் கூடாது. நீங்கள் சொல்லிக் கொடுத்தது.'

"அடிச்சாத்தான் தீருமே. இது உண்மைன்னு யாரு சொல்றது?" என்று சுற்றிலும் பார்த்தார். திட்டு காலியாக இருந்தது. நாற்பத்து மூன்று பேரில் என்னைத் தவிர ஒருத்தனும் இல்லை. என்னைப் பார்த்தார். "நீ ஏற்கனவே எச்சரிக்கை வாங்கியிருக்க. யோசிச்சுப் பேசு."

யோசிக்க என்ன இருக்கிறது? விசாரணையில் நான் சொன்னது வாய்ப்பேச்சு, தம்பி அக்காவுக்காகச் சொன்னது என்று தள்ளிவிட்டார்கள். இது பதிவேடு. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது. என் வீடு இல்லை, இந்தத் திட்டு. கூண்டுக்குள் போனேன். பதினாலு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே போகிறேன். வெளியில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, உள்ளே அந்த நாற்றம் சுவரிலேயே ஊறிப்போயிருக்கிறது. மூச்சு முட்டியது. அவள் பேனாவை நீட்டினாள். 'என் தம்பி' என்று அவள் எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பேட்ஜ் எண்ணையும் எழுதினேன்.

இது நடந்து இருபது நாள் ஆகிறது. என்னைப் பணியிடை நீக்கம் செய்வதற்குக் கடிதம் தயாராகிறதாம். ஆகட்டும். குறிப்பு தீரவில்லை; பேட்ஜ் எண்ணும் கையெழுத்தும் இருப்பதால் 'அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதி முடிக்க முடியாது, விசாரிக்க வேண்டும். பழைய குறிப்புக்கு விசாரணை முடிவதற்குள் அவள் தினமும் பத்துக்கு மேல் புதுக் குறிப்பு எழுதிவிடுகிறாள். பிற்பகல் முறைக்கு இப்போது தனிப் பதிவேடு; இவளுடையது இவள் பேரிலேயே இருக்கிறது. ஒப்படைக்க முடியாததால் விடுவிக்கவும் முடியவில்லை. மறுபடி விசாரிக்க வேறு அதிகாரி வரப்போவதாகச் சொல்கிறார்கள். சில கட்டங்களில் இப்போது மறுபடியும் 'ஒழுங்கு' இருக்கிறது. இந்தத் தடவை அது உண்மை. நேற்று மட்டும் மூன்று.

நான் விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. விட முயற்சி செய்கிறேன், முடியவில்லை, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. வேண்டும் என்று தோன்றினால் எழுந்து வெளிவாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, ஆளில்லாத ஒரு மதில் ஓரமாகப் போய் நிற்கிறேன். திட்டிலிருந்து அந்த மதிலுக்கு எத்தனை காலடி என்று எண்ணிப் பார்த்தேன். நூற்று முப்பது. பத்தொன்பது வருஷமாக நாங்கள் ஒருத்தரும் நடக்காத தூரம் அவ்வளவுதான்.